வெள்ளித்தாள் ஒட்டிய அறை

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் இவன் யார் என்று கேட்கக் கூடாது.

தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்துகளில், வீட்டின் மேல் வீடு ஏற்றியவன் நான். கீழே குடும்பம் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்க, மேலே தளம் போட்டிருக்கிறேன். ஒருவர் தட்டிலும் சிமெண்டு விழுந்ததில்லை. சந்தில் அகலம் இல்லாததால் சுவரோடு நெட்டுக்குத்தாக நிற்கும் இரும்பு ஏணிகள் இருக்கின்றனவே, அவற்றில் பாதி என் கைவேலை. நிறைமாதக்காரி ஏறியிருக்கிறாள், பீரோ ஏறியிருக்கிறது. கோயில் கொட்டகை நான் போட்டது. பள்ளிவாசலில் கைகால் கழுவும் இடத்துக்கு மேலே உள்ள கூரையும் நான் போட்டதுதான். அணுசக்தி நகரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் இன்ஜினியர், செம்பூரில் வாங்கிய வீட்டுக்குப் பரண் வேண்டும் என்று அளவெடுத்துப் படம் வரைந்து நீட்டினார். பார்த்துவிட்டு, "சார், இதுபடி அடிச்சா உங்க குளியலறைக் கதவு திறக்காது" என்றேன். அவர் நாலு தரம் அளந்து பார்த்தார். திறக்காதுதான். அப்புறம் டீ வரவழைத்துக் கொடுத்தார். அவர் எத்தனை வருஷம் படித்தாரோ தெரியாது. நான் மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் போகவில்லை.

இவ்வளவும் கட்டியவன் கடைசியாகச் செய்த பெரிய வேலை, என் வீட்டுக் கூரையில் நானே போட்ட ஓர் ஓட்டை. நான்கடி நீளம், மூன்றடி அகலம். அந்த ஓட்டையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் பேத்தி அப்போது பத்தாம் வகுப்பு. மகனுடைய ஒரே பிள்ளை. சயின்ஸ் எடுத்துப் படிக்க வேண்டும் என்று ஏழாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள். பம்பாயில் பதினோராம் வகுப்பே காலேஜில்தான், பத்தாம் வகுப்பு மார்க்கைப் பார்த்துத்தான் அங்கே சயின்ஸ் கொடுப்பார்கள். மார்க் இல்லையென்றால் கொடுப்பதை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். அந்த வருஷம் பார்த்து ஊரடங்கு வந்தது. பள்ளிக்கூடம் பூட்டப்பட்டு, பள்ளிக்கூடம் முழுவதும் ஒரு போனுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

போன் என் மருமகளுடையது. மகன் சயானில் ஆஸ்பத்திரி வேலையில் இருந்தான். அந்த மாதங்களில் அவன் வீட்டுக்கு வந்ததே குறைவு. மருமகள் வீட்டிலேயே கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து, பாக்கெட் கட்டி விற்பவள். ஓட்டல்கள் மூடிக் கிடந்ததால் எங்கள் சந்தே அவள் மாவை நம்பித்தான் இருந்தது. காலை எட்டு மணிக்கு கிரைண்டர் ஓடும். எட்டு மணிக்குத்தான் கணக்கு வகுப்பும். கீழ்வீட்டில் எட்டடிக்கு எட்டடி அறையில் கிரைண்டர் ஒரு மூலை, பேத்தி ஒரு மூலை.

போனுக்குள்ளிருந்து பிள்ளைகள் சிரிப்பது எனக்கே கேட்டது.

"என்னட்டி சிரிக்குதுவோ?"

"ஹெலிகாப்டர் வந்துடுச்சாம், தாத்தா. தினம் சொல்றாங்க."

"நம்ம கிரைண்டரவா?"

"வேற எத? யார் வீட்டுல ஹெலிபேட் இருக்குன்னு கேக்கறாங்க."

அவளும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்றிலிருந்து மைக்கை மூடிவிட்டாள். டீச்சர் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாலும் வாய் திறப்பதில்லை. பதிலை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஊருக்கெல்லாம் அறை கட்டிக் கொடுத்தவன் வீட்டில் பிள்ளை பேச இடம் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் மாதுங்காவில் ஒரு வேலை வந்தது. ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்திருந்தது. பழைய வாடிக்கை வீடு. மூன்று தலைமுறையாக ஆபீஸ் உத்தியோகம் பார்க்கும் குடும்பம். சமையலறைப் பரண் தொங்கிவிட்டது என்று கூப்பிட்டார்கள். நான் சுத்தியலை ஓங்கினேன். அந்த வீட்டம்மா ஓடி வந்தார்.

"சித்த நிறுத்துங்கோ! குழந்தைக்கு கிளாஸ் நடந்துண்டிருக்கு."

"எவ்வளவு நேரம் அம்மா?"

"முக்கா மணி. காபி தரேன், உக்காந்துக்கோங்கோ."

முக்கால் மணி நேரம் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூடிய கதவுக்குப் பின்னால் அந்தப் பையன் சத்தமாக, தைரியமாக ஏதோ பதில் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் கெட்டிக்காரனோ என்னவோ, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது கதவு. நல்ல கதவு. நிலையில் ரப்பர் வைத்து அடித்த கதவு. அதைப் பார்த்ததும் என் பேத்திக்கு என்ன குறை என்பது விளங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்த மறுநாளே ஆரம்பித்தேன். எங்கள் வீடு கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. மேல் அறையிலும் எதிர்வீட்டுத் தையல் மிஷின்களின் இரைச்சல். அதற்கும் மேலே கூரைத் தகரத்துக்குக் கீழ் ஆள் குனிந்து போகிற அளவுக்கு இடம் கிடந்தது. கூரையை உயர்த்தி அந்த இடத்தை அறையாக்கினேன். மூன்று பக்கம் தகரம், ஒரு பக்கம் பிளைவுட், கதவும் அந்தப் பக்கம்தான். எங்கள் தொழிலில் தகர அறைக்கு வெயில்தான் எமன். ஆகையால் உள்பக்கம் வெள்ளித்தாள் ஒட்டிய தெர்மாகோல் அடிப்போம். எல்லாரும் கூரைக்கு மட்டும் ஒரு அடுக்கு அடிப்பார்கள். நான் என் பேத்திக்காகக் கூரை, நாலு சுவர், கதவின் உள்பக்கம் எல்லாவற்றுக்கும் இரண்டு அடுக்கு அடித்தேன். ஜன்னல் வைக்கவில்லை, ஜன்னல் வைத்தால் சந்துச் சத்தம் வரும். வெயில், சத்தம் இரண்டையும் வெளியே நிறுத்தினேன். மாதுங்கா வீட்டில் பார்த்தபடி கதவுக்கு ரப்பர். ஏழே நாளில், ஆள் வைக்காமல், நான் ஒருவன். நடுவில் சுத்தியல் இடது கட்டைவிரலில் விழுந்து நகம் கறுத்துவிட்டது. பேத்திதான் துணி கிழித்துக் கட்டிவிட்டாள். "போதும் தாத்தா, விடுங்க" என்று அவள் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை.

முடிந்ததும் சந்தில் உள்ளவர்களையெல்லாம் ஒவ்வொருவராக ஏணியில் ஏற்றிக் காட்டினேன். எதிர்வீட்டு பாய் கடைசியாக வந்தார். அவரும் எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான். பைகள் தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார், ஐந்து மிஷின். உள்ளே குனிந்து நுழைந்து சுற்றிப் பார்த்தார். நாலு பக்கமும் வெள்ளி மின்னியது.

"என்ன வே மேஸ்திரி, பிரியாணிப் பொட்டலத்துக்குள்ள வந்த மாதிரி இருக்கு!"

"கதவச் சாத்துதேன். உம்ம மிஷின் சத்தம் கேக்குதான்னு பாரும்."

சாத்தினேன். அவருடைய ஐந்து மிஷினும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பாய் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"ஒண்ணுங் கேக்கல வே. எங்க வீட்டம்மா சத்தத்துக்கு ஒண்ணு கட்டித் தாரும். நான் உள்ள இருந்துக்கிடுதேன்."

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பேத்தி போனை எடுத்துக்கொண்டு மேலே போனாள். கதவு மூடியது. நான் ஏணியடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஒருவரையும் ஏற விடவில்லை. மருமகள் காய்ந்த துணி எடுக்கப் போனபோதுகூட, "கிளாஸ் நடக்கும்மா, பொறவு எடு" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாவு கட்டப் போனாள். வகுப்பு முடிந்து பேத்தி இறங்கி வந்தாள்.

"எப்படி இருக்கு மக்கா?"

"சூப்பர், தாத்தா. ஒரு சத்தமும் இல்ல."

பதினோரு நாள் இப்படி நடந்தது. பதினோரு நாளும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடமெல்லாம், மேலே கிளாஸ் நடக்கிறது என்று சொன்னேன். கோயில் கொட்டகை போட்டபோதுகூட எனக்கு இந்த மிடுக்கு வரவில்லை.

பன்னிரண்டாம் நாள், அது ஒரு சனிக்கிழமை, என்னுடைய பட்டன் போன் அடித்தது. பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவன் நான். அங்கே என் நம்பர்தான் எழுதியிருக்கும். கணக்கு டீச்சர். இந்தியில்தான் பேசினார், பெரியவன் என்று என்னைக் காகா போட்டு.

"காகா, உங்க பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்காளே."

"அப்புறம் ஏன் ரெண்டு வாரமா கிளாஸுக்கே வரல?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன டீச்சர் சொல்லுறீங்க? நான் கதவுகிட்டயே உக்காந்திருக்கேன். ஒரு நாள் விட்டதில்ல. வேற பிள்ளையோட பேர மாத்திப் போட்டிருப்பீங்க."

டீச்சர் கோபப்படவில்லை. தினமும் பேர் கூப்பிடுவதாகவும், பதிலே வருவதில்லை என்றும் சொன்னார். திங்கட்கிழமை காலை வாய்மொழித் தேர்வு. கேமராவைத் திறந்து வைத்து, கேட்கிற கேள்விக்குப் பேசிப் பதில் சொல்ல வேண்டும். வரவில்லையென்றால் அந்த மார்க் சுழிதான். பொதுத் தேர்வு நடக்குமா என்றே தெரியாத வருஷம், இந்த மாதிரி மார்க்குகள்தான் கடைசியில் கைகொடுக்கும் என்றார். போனை வைக்கும்போது, "நல்லாப் படிக்கிற பொண்ணு, காகா" என்று வேறு சொன்னார். அதுதான் குத்தியது.

பேத்தியைக் கூப்பிட்டேன். குரல் உயர்த்தித்தான் கூப்பிட்டேன், மறைக்க மாட்டேன்.

"உள்ள போயி தினம் என்னட்டி செஞ்ச? தூங்கினியா? படம் பாத்தியா?"

மருமகள் கிரைண்டரை நிறுத்தினாள்.

"சொல்லு. காவக்காரன் மாதிரி ஏணியடியில உக்காந்திருந்தேன்லா, நான் என்ன கோட்டிக்காரனா?"

"உள்ள டவரே கிடைக்கல, தாத்தா."

"என்னது?"

"கதவு மூடினா டவர் போயிடுது. திறந்தாலும் ஒரு புள்ளிதான் வருது, கட் ஆயிடுது. முதல் நாள்லருந்தே அப்படித்தான்."

நான் நம்பவில்லை. நான் கட்டிய அறையில் குறை சொல்கிறாள் என்றுதான் தோன்றியது. பட்டன் போனை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். எதிர்ப் பட்டறை வாசலில் நின்ற பாயிடம், "என் நம்பருக்குப் போடும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். நின்றேன். போன் ஊமையாக இருந்தது. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன்.

"போட்டீரா வே?"

"மூணு தரம் போட்டாச்சு! தொடர்பு எல்லைக்கு வெளிய போயிட்டீராம். அந்தப் பொம்பள அடிச்சுச் சொல்லுதா!"

"நான் இங்கனதான நிக்கேன்?"

"எனக்குத் தெரியுது, அவளுக்குத் தெரியலியே வே!"

சந்தே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே திரும்பிப் பார்த்தேன். நாலு பக்கமும் வெள்ளி. வெயிலையும் சத்தத்தையும் நிறுத்துகிற வெறியில் நான் பள்ளிக்கூடத்தையே வெளியே நிறுத்திவிட்டேன். முப்பது நாற்பது வருஷமாகத் தகரமும் வெள்ளித்தாளும் அடிக்கிறேன். போன் ஒன்று அதற்குள் மூச்சுவிட வேண்டும் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. நானும் யோசித்ததில்லை.

இறங்கி வந்தேன்.

"ஏட்டி, முதல் நாளே சொல்லியிருக்கலாம்லா?"

"எப்படிச் சொல்றது? எல்லாரையும் கூட்டிட்டு வந்து காட்டிட்டு இருந்தீங்க." என் கட்டைவிரலைப் பார்த்தாள். நகம் பாதி விழுந்திருந்தது. "இதோட வேற கட்டினீங்க."

பிறகுதான் மற்றது தெரிந்தது. தினமும் வகுப்பு நேரம் முழுக்க உள்ளே உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டிருக்கிறாள். மத்தியானம் தண்ணீர் பிடிக்கப் போகிற சாக்கில் சந்து முனைக்குப் போய், டீச்சர் பதிவு செய்து அனுப்பும் பாடத்தைப் போனில் இறக்கிக்கொண்டு வந்து, மறுபடி மேலே ஏறிப் பார்த்திருக்கிறாள். ஒரு பாடத்தை மூன்று தரம், நாலு தரம். இந்த விஷயத்தில் ஆன்லைன் படிப்பை நான் குறை சொல்ல மாட்டேன். வகுப்பில் டீச்சர் ஒரு தரம்தான் சொல்வார். இரண்டாம் தரம் கேட்க என் பேத்தி கூசுவாள். போன் அலுக்காமல் சொன்னதையே சொல்கிறது. அவளுக்குக் கணக்கு பிடிபட்டதே அந்த மாதங்களில்தான் என்று அவளே சொல்கிறாள். ஆனால் கேட்கத்தான் முடிந்தது, பேச முடியவில்லை. திங்கட்கிழமை பேச வேண்டும்.

"அம்மா போன எடுத்துக்கிட்டு சந்து முனையில நின்னுக்கறேன், தாத்தா" என்றாள்.

"ரோட்டுல நின்னு பரீச்ச எழுதவா? நான் உயிரோடதான இருக்கேன்?"

ஞாயிற்றுக்கிழமை காலை கூரை மேல் ஏறினேன். கட்டுகிறபோது வராத வலி பிரிக்கிறபோது வந்தது. இருந்தாலும் பிரித்தேன். கூரையில் நான்கடிக்கு மூன்றடி தகரத்தை வெட்டி எடுத்துவிட்டு, வெளிச்சம் வருகிற ஃபைபர் ஷீட் போட்டேன். பிளைவுட் சுவரிலும் கதவிலும் அடித்திருந்த வெள்ளித்தாளை உரித்தேன். பேத்தி உள்ளே போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு துண்டு உரிக்கும்போதும் கேட்பேன்.

"இப்பம்?"

"ஒரு புள்ளி."

"இப்பம்?"

"ரெண்டு!"

கடைசித் துண்டு வந்ததும் அவள் போட்ட சத்தத்தில் பாய் பட்டறையிலிருந்து ஓடி வந்துவிட்டார். "பொட்டலத்தப் பிரிச்சாச்சா?" என்றார்.

டவர் வந்தது, வெயிலும் வந்தது. அக்டோபர் மாத பம்பாய் வெயில். ஃபைபர் ஷீட் வழியாக நேரே இறங்கியது. கதவைச் சாத்தினால் அரை மணி நேரம்கூட அந்த அறையில் உட்கார முடியாது. கதவைத் திறந்தால் கிரைண்டரும் மிஷினும்.

திங்கட்கிழமை காலை மருமகள் கிரைண்டரை அரை மணி நேரம் நிறுத்தினாள். மாவுக்கு வந்தவர்கள் காத்து நின்றார்கள். பாய் ஐந்து மிஷினையும் நிறுத்தி, வேலைக்காரர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டார். நான் கூரை மேல். சாக்குகளைத் தண்ணீரில் நனைத்துத் தகரத்தின் மேல் பரப்பி, காயக் காயத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். ஈரச் சாக்கு ஃபைபர் ஷீட் மேல் ஏறினால் டவர் குறைகிறது என்று முந்தின நாளே கண்டுபிடித்திருந்தோம். அதற்கு ஓர் ஏற்பாடு. அவள் கையில் ஸ்கேல். ஒரு தட்டு தட்டினால் டவர் போகிறது, சாக்கை விலக்கு. இரண்டு தட்டு தட்டினால் வேகிறது, சாக்கைப் போடு.

கேள்வி வந்தது. பேத்தி பேச ஆரம்பித்தாள். எல்லாம் இங்கிலீஷ். எனக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. ஆனால் குரல் விளங்கும். முதலில் சந்தில் முன்பின் தெரியாதவனுக்கு வழி சொல்கிற குரல். அப்புறம் கொஞ்சம் நிமிர்ந்தது. ஒரு தட்டு கேட்டது, விலக்கினேன். இரண்டு தட்டு, போட்டேன். பேச்சு நிற்கவில்லை. ஓரிடத்தில் டீச்சர் ஏதோ மடக்கினார் போலிருக்கிறது. தட்டும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. நான் ஒரு கையில் ஈரச் சாக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, போடுவதா விலக்குவதா என்று தெரியாமல் வெயிலில் நின்றேன். தண்ணீர் என் சட்டைக்குள் ஒழுகியது. அப்புறம் அவள் குரல் வந்தது. நிதானமாக, ஒவ்வொரு படியாக, ஏணி ஏறுகிற மாதிரி. கடைசியில் டீச்சர் "வெரி குட்" என்றார். அந்த இரண்டு வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரியும்.

இரண்டு தட்டு கேட்டது. சாக்கைப் போட்டேன். மறுபடி இரண்டு. மறுபடி இரண்டு. "எவ்வளவுட்டி போடணும்?" என்று கத்தினேன். உள்ளேயிருந்து, "முடிஞ்சுடுச்சு தாத்தா, சும்மா தட்டறேன்!" என்றாள்.

பொதுத் தேர்வு கடைசியில் நடக்கவே இல்லை. பள்ளிக்கூடம் கொடுத்த மார்க்கை வைத்துத்தான் பாஸ் போட்டார்கள். அந்தத் திங்கட்கிழமை மார்க்கும் அதில் சேர்ந்தது. மாதுங்காவில் ஒரு காலேஜில் சயின்ஸ் கிடைத்தது. முதல் வாரமே அங்கே ஒரு கண்ணாடிக் குழாயை உடைத்துவிட்டு வந்தாள். சயின்ஸ் சோதனையெல்லாம் போனில் பார்த்துப் படித்தவள். குழாயைக் கையில் பிடிப்பது அதுதான் முதல் தடவை. இதைத்தான் ஆன்லைன் படிப்பின் பெரிய குறையாக நான் சொல்வேன். பரண் அடிப்பதைப் போனில் ஆயிரம் தரம் பார்த்தாலும் சுத்தியல் ஒரு நாள் விரலில் விழ வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சென்ற மாதம் பழைய பெட்டியைச் சுத்தம் செய்தபோது காலேஜ் ஆண்டு மலர் ஒன்று கிடைத்தது. ஆன்லைன் படிப்பின் நன்மைகள், சிரமங்கள் என்று பேத்தி அதில் இங்கிலீஷில் ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். முதல் பரிசு வேறு. எனக்கு இதுவரை யாரும் அதை வாசித்துக் காட்டியதில்லை. அவளையே உட்காரவைத்துத் தமிழில் சொல்லச் சொன்னேன்.

டீச்சருக்கு நன்றி. நோட்டு அனுப்பிய தோழிக்கு நன்றி. கிரைண்டரை நிறுத்திய அம்மாவுக்கு நன்றி. மிஷினை நிறுத்திய எதிர்வீட்டு மாமாவுக்கு நன்றி. நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள். நடுவில் ஒரு வரி: எங்கள் வீட்டுக் கூரை தகரம் என்பதால் நெட்வொர்க் சரியாகக் கிடைக்கவில்லை, பிறகு அந்தப் பிரச்சினை சரியானது.

"சரியானதா? தானாவா சரியாச்சு?"

"ஐயோ தாத்தா..."

"கிரைண்டர நிறுத்தினதுக்கு நன்றி. கூரையப் பிரிச்சவனுக்கு?"

"உங்கள எழுதினா, அடைச்சதும் நீங்கதான்னு எழுதணும். காலேஜ் முழுக்க படிச்சுச் சிரிப்பாங்க. அதான் விட்டுட்டேன்."

என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாளாம். அந்தப் பதினோரு நாளும் வாயைத் திறக்காமல் உள்ளே உட்கார்ந்திருந்த அதே பிள்ளைதான் இது. அவள் முகத்தைப் பார்த்தபோது திட்ட வாய் வரவில்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவும் நான் தயாராக இல்லை. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். சந்தே சிரித்ததைத் தாங்கியவன். காலேஜ் சிரித்தால் தேய்ந்துவிடுவேனா?

அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இதைப் படித்து முடிக்க இரண்டு நாள் ஆகும். ஆகட்டும். படித்து முடித்ததும் அவள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தக் கட்டுரையை அடுத்து எங்கே வாசித்தாலும், எங்கே அச்சிட்டாலும், அந்த ஒரு வரியை அடித்துவிட்டு இப்படி எழுத வேண்டும்: வெள்ளித்தாளை இரண்டு அடுக்கு அடித்து டவரை நிறுத்தியது என் தாத்தா, தன் கையாலேயே அதை உரித்து, கூரையை வெட்டி, ஈரச் சாக்கோடு வெயிலில் நின்று டவரைக் கொண்டுவந்ததும் என் தாத்தா. இரண்டையும் போடட்டும். அளவையும் போடட்டும்: நான்கடிக்கு மூன்றடி.